ஏரம்பு பேருக்கு வந்த கமரா

ஏரம்புவுக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. வவுனியாவில் இதைச் சொன்னால் நம்ப ஆளில்லை என்பதால் அவரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே இரண்டாயிரத்தோராம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த கையோடு, அவருடைய பெயருக்குத் தாய்வானிலிருந்து ஒரு பொதி வந்திருக்கிறது, அது தபால் கந்தோரிலிருந்து பொலிஸுக்குப் போய்விட்டது என்று ஒரு கொன்ஸ்ரபிள் வந்து சொன்னபோது, அவர் சேர்ட்டின் பொத்தானைப் பூட்டியபடியே சைக்கிளில் ஏறிப் போனார். போய், அதிகாரி கேள்வியை முடிக்க முன்னரே பதிலைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது சேர்."

அந்த ஊரில் இதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. சீருடை கேட்கும் எந்தக் கேள்விக்கும் முதலில் வாயில் வருவது அதுதான். நேரம் என்ன என்று கேட்டாலும், மணிக்கூட்டைக் குனிந்து பார்க்க முதல் அதுதான் வரும். பிறகு நிதானமாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அன்று அதிகாரி பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கோழிமுட்டை அளவில் ஒரு உருண்டை, அதன் நடுவில் ஒரு கண்ணாடிக் கண், பின்னால் வால் மாதிரி ஒரு வயர். பெட்டியின்மேல் ஏரம்புவின் பெயர், ஏரம்புவின் வீட்டு இலக்கம். தெரியாது என்று சொன்ன வாயை ஏரம்புவால் திருப்பி எடுக்க முடியவில்லை. சொந்தக்காரர் இல்லாத கமரா ஒன்று வவுனியாவுக்குள் வந்திருக்கிறது என்றாகிவிட்டது.

அவர் வீட்டுக்குத் திரும்பி, சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தாமல் மதிலோடு சாத்திவிட்டு, நேரே பின்பக்கம் போனார். பின்பக்கத்து இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தவள் விமலேஸ்வரி. அப்போது குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, தாய்வானிலை எனக்கு ஆர் இருக்கினம்?"

துருவுபலகையில் அவள் கை நின்றது.

"அது வந்திட்டுதோ ஐயா?"

"ஓ, அப்ப உமக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நல்லது. பொலிஸிலை போய் வடிவாச் சொல்லிப்போட்டு வாறன், எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு."

"ஐயோ, தெரியாதெண்டே சொன்னியள்?"

"பின்னை? எனக்குத் தெரியுமெண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

ஏரம்புவின் மனைவி அமராவதி முன்பக்கத்திலிருந்து விளக்குமாறோடு ஓடி வந்தாள். "என்னப்பா, என்ன வந்தது?" என்றாள். "கண்" என்றார் ஏரம்பு. "ஒரு கண் வந்திருக்கு. என்ரை பேருக்கு."

நடந்தது இதுதான். ஆமிக் கோட்டுக்கு அப்பால், இயக்கத்தின் கையில் இருந்த வன்னிக்குள்ளிருந்து வவுனியாவுக்கு வந்த சனத்துக்கு ஊரில் தங்குவதற்குப் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஊர்க்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். விமலேஸ்வரி குடும்பத்துக்கு ஏரம்பு நின்றார். பாஸில் இருப்பவர்களுக்கு நிலையான முகவரி கிடையாது. கடிதம் வருவதென்றால் வீட்டுக்காரர் பெயரை முதல் வரியில் போட்டு, தங்கள் பெயரை அடுத்த வரியில் போடுவார்கள். தபால்காரருக்கு அதுதான் பழக்கம். விமலேஸ்வரியும் அப்படியே எழுதி அனுப்பியிருந்தாள். தாய்வான் கொம்பனிக்காரர் முதல் வரியில் உள்ளவர்தான் ஆள் என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது வரியைத் தேவையில்லாத ஒன்றாக விட்டுவிட்டார்கள்.

அவர்களுடைய பாஸ் அடுத்த கிழமை முடிகிறது. அதைப் புதுப்பிக்க ஏரம்பு மறுபடி வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

"இனி என்னாலை ஏலாது" என்றார் ஏரம்பு. "பிழையா நினையாதையும். எனக்கு வயசு போட்டுது. உள்ளுக்கை இருக்கிற வயசில்லை."

விமலேஸ்வரி தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்தபடி இருந்தாள். உள்ளே எட்டு வயது மகள் யதுர்ஷிகா கொப்பியில் எழுதிக்கொண்டே இருமினாள். அந்தப் பிள்ளையின் தொய்வு வருத்தத்துக்காகத்தான் அவர்கள் வவுனியாவுக்கு வந்தது. இழுப்பு வரும்போது கொடுக்கிற மருந்து வன்னிக்குள் சில மாதம் இருக்கும், பல மாதம் இராது. இங்கே ஆஸ்பத்திரி கிளினிக்கில் இருக்கும். பாஸ் இல்லையென்றால் கிளினிக் இல்லை. அதற்கு மேல் யாரும் அவளுக்கு விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

விமலேஸ்வரி எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. கடையில் அரிசி வாங்கினால் சாக்கின் மேலே உள்ளதைப் பார்க்கமாட்டாள், கையை அடிவரை விட்டு அள்ளிப் பார்ப்பாள். நல்லெண்ணெயை மணந்து பார்ப்பாள், பிறகு போத்தலைத் தலைகீழாகப் பிடித்து அடியில் என்ன இறங்குகிறது என்றும் பார்ப்பாள். "கலியாணத்துக்கு முதல் என்னையும் இப்பிடித்தான் கவிட்டுப் பாத்தவள்" என்று அவளுடைய புருசன் பிரதாபன் சொல்வதுண்டு. அவன் ஒரு லொறிக் கொம்பனியில் கணக்கப்பிள்ளை.

அவளுடைய தகப்பன் நடராசா வடமராட்சியிலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் காணி எடுத்து வயல் செய்தவர். அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தாள். கணினியை முதல் தொட்டது அங்கேதான், ஜெனரேற்றர் ஓடுகிற நேரத்தில் மட்டும், ஒரு கதிரையில் இரண்டு பேர் இருந்து. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவளும் ஊருக்குத் திரும்பினாள். கரண்ட் இல்லாத ஊரில் கணினியை மறந்து, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். அதற்கு முன்னரே பிரதாபனைக் கட்டியிருந்தாள், பிள்ளையும் இருந்தது. வவுனியாவுக்கு வந்த பிறகு பழனியாண்டி நடத்திய கொம்பியூட்டர் வகுப்பில் வேலை கிடைத்தது.

பழனியாண்டி எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். வவுனியாவில் முதலில் தேத்தண்ணிக் கடை, பிறகு போட்டோக் கொப்பி, பிறகு நாலு கொம்பியூட்டர். ஒருமுறை கொழும்பில் வாங்கிய சஞ்சிகை ஒன்றோடு ஒரு இறுவட்டு இலவசமாக வந்தது. கொம்பியூட்டரை ஓட்டுகிற முழு மென்பொருளும் அதில் இருந்தது, காசு கட்டத் தேவையில்லை.

"வேணாங்க டீச்சர்" என்றார் பழனியாண்டி. "ஓசில குடுக்கிறவன் சும்மா குடுக்க மாட்டான். உள்ளுக்க என்னாத்தயோ வச்சிருப்பான்."

"அதுதானே உள்ளுக்கை என்ன இருக்கெண்டு முழுக்கத் திறந்து காட்டியிருக்கிறாங்கள்" என்றாள் விமலேஸ்வரி.

அவளுக்குப் பிடித்தது அதுதான். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் பூட்டிய பெட்டி. இதில் எழுதிய ஒவ்வொரு வரியையும் வாசிக்கலாம், சாக்கின் அடிவரை கையை விடலாம். மத்தியானத்தில் மாணவர்கள் போன பிறகு அவள் ஒரு கொம்பியூட்டரில் அதை ஏற்றி, வாரக்கணக்காக வாசித்தாள். வகுப்பில் இருந்த பழைய ஸ்கானர் அதில் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று தேடி, ஒரு பிழையைக் கண்டு, திருத்தி, அதை எழுதியவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். கிழமைக்கு ஒருமுறை பழனியாண்டி கொழும்புக்கு லைன் எடுத்து மின்னஞ்சல் இறக்குவார். அந்த நேரம் முழுக்க மணிக்கூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்.

பதில் வந்தது. திருத்தம் சரி, நன்றி என்று. எழுதியவன் மார்ட்டின், நோர்வேயில் இருக்கிறவன்.

"ஆர் உந்த மார்ட்டின்?" என்று பிரதாபன் கேட்டான்.

"ஸ்கானருக்கு ட்ரைவர் எழுதினவன்."

"அதென்ன அது?"

"கொம்பியூட்டருக்கு ஸ்கானர் சொல்லுறது விளங்காது. ஸ்கானருக்குக் கொம்பியூட்டர் சொல்லுறது விளங்காது. ரெண்டுக்கும் நடுவிலை நிண்டு சொல்லிக் குடுக்கிறது."

"அதுக்கு அவனுக்குக் காசு குடுக்கிறாங்களோ?"

"இல்லை."

"உமக்கு?"

"இல்லை."

பிரதாபன் சோற்றைப் பிசைந்தான். கொஞ்சம் கழித்து, "கலியாணம் கட்டினவனோ?" என்றான்.

கொம்பனிகள் கருவியைச் செய்து விற்கும். பெரிய நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டும் ட்ரைவர் எழுதிப் பெட்டியோடு கொடுக்கும். இந்த இலவச மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் குறைவு என்பதால் அதற்கு எழுதுவதில்லை. அதை மார்ட்டின் மாதிரி ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதினார்கள். கொம்பனிகள் பொதுவாகத் தங்கள் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையே சொல்லாது, களவு எடுத்துவிடுவார்கள் என்று பயம். தாய்வானில் இந்த ஒரு சின்னக் கொம்பனி மட்டும், நீங்களே எழுதித் தாருங்கள், விவரமும் தருகிறோம், ஆளுக்கொரு கமராவும் அனுப்புகிறோம் என்று சொன்னது. பின்லாந்தில் ஒருவன், பிரேசிலில் ஒருவன், நோர்வேயில் மார்ட்டின். நாலாவதாக விமலேஸ்வரி பெயர் கொடுத்தாள்.

மார்ட்டின் உடனே எழுதினான். நீ இருப்பது மிக நல்லது, எங்களுக்கு வெயிலில் எடுத்த படங்கள் வேண்டும் என்று. நோர்வேயின் வடக்கில், நான் இருக்கிற இடத்தில், இப்போது சூரியனே வராது, தை கழிய வேண்டும். வெளியே, உச்சி வெயிலில் எடுத்த படங்களை நீதான் அனுப்ப வேண்டும்.

அவள் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். வவுனியாவில், வெளியே, படம். அதுவும் வெளிநாட்டுக்கு. சூரியன் வராத ஊர் என்று ஒன்று உண்டென்பதைப் புவியியலில் படித்திருந்தாள். ஆனாலும் முகம் தெரியாத ஒருவன் அதைக் காரணமாகச் சொல்லி, வன்னி எல்லையில் இருக்கிற ஊரின் படத்தைக் கேட்கிறான். அந்த மின்னஞ்சலை அவள் பிரதாபனுக்குச் சொல்லவில்லை. பழனியாண்டிக்கும் சொல்லவில்லை. ஆனால் கொம்பனி அனுப்பிய விவரத்தைப் பார்த்து, கமரா வர முன்னரே, கருவியைக் கண்ணால் காணாமலே ட்ரைவரை எழுதத் தொடங்கினாள்.

இப்போது அந்தக் கமரா பொலிஸில் இருந்தது.

அன்று பின்னேரம் ஏரம்புவும் அமராவதியும் பிரதாபனும் விமலேஸ்வரியும் கிணற்றடியில் நின்று கதைத்தார்கள். உள்ளே கதைத்தால் பிள்ளைக்குக் கேட்கும்.

"நான் போய்ச் சொல்லுறன், அது என்ரையெண்டு" என்றாள் விமலேஸ்வரி.

"சொன்னா, முதல் தெரியாதெண்டு சொன்ன இவரைப் பிடிப்பாங்கள்" என்றாள் அமராவதி.

"சொல்லாட்டி ரெண்டு பேரையும் பிடிப்பாங்கள்" என்றான் பிரதாபன். "அண்டைக்கே சொன்னனான். சும்மா ஒருத்தன் பெட்டி அனுப்புவானே? எனக்கு லொறிக்கு ரயர் வேணும், ஒருத்தனும் சும்மா அனுப்பிறானில்லை."

"அதைத்தான் அவங்களும் கேட்பாங்கள்" என்றார் ஏரம்பு. "உமக்குக் காசு தாறாங்களோ எண்டு கேட்பாங்கள். என்ன சொல்லுவீர்?"

"இல்லையெண்டு."

"அப்ப ஏன் செய்யிறீர் எண்டு கேட்பாங்கள்."

விமலேஸ்வரி யோசித்தாள். "ஓடேல்லை. அதை ஓட வைக்கிறதுக்கு."

ஏரம்பு அமராவதியைப் பார்த்தார். அமராவதி வாளிக்குள் பார்த்தாள். அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை என்பது தெளிவாக இருந்தது.

"பிள்ளை, குறை நினையாதை" என்றாள் அமராவதி, ஒருமைக்கு இறங்கி. "சும்மா செய்யிறனெண்டு மட்டும் வாய் திறந்து சொல்லிப்போடாதை. சும்மா செய்யிற வேலை எதெண்டு இந்த ஊரிலை எல்லாருக்கும் தெரியும்." இயக்கம் என்ற சொல்லை மட்டும் அவள் வாயில் எடுக்கவில்லை.

மறுநாள் விமலேஸ்வரியே பொலிஸுக்குப் போய்ச் சொன்னாள். அங்கே இருந்த அதிகாரி மட்டக்களப்பில் பல காலம் வேலை செய்து தமிழ் கற்றவர், நடுத்தர வயது, கோபப்படாதவர். கோபப்படாதவர் என்பதே அவளுக்கு உதறலாக இருந்தது. அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு, "வேலை செய்யுதா, பார்ப்போம்" என்று சொல்லி, பெட்டியையும் ஒரு கொன்ஸ்ரபிளையும் ஏற்றிக்கொண்டு, வழியில் ஏரம்புவையும் கூப்பிட்டு ஜீப்பில் ஏற்றி, பழனியாண்டியின் வகுப்புக்கே வந்துவிட்டார்.

வகுப்பில் இருந்த மாணவர்கள் கொப்பிகளை அள்ளிக்கொண்டு பின்வாசலால் கரைந்துபோனார்கள். பழனியாண்டி அதிகாரிக்குக் கதிரை இழுத்துப் போட்டார், பிறகு அதே கதிரையைத் துடைத்தார்.

விமலேஸ்வரி கமராவைக் கையில் எடுத்தது அப்போதுதான் முதல்முறை. அந்த ட்ரைவர் அதுவரை ஒருமுறையும் ஓடிப் பார்க்கப்படவில்லை. வயரைக் கொம்பியூட்டரின் பின்னால் செருகினாள். ட்ரைவரை ஏற்றினாள். திரையில் ஒரு வரி வந்தது, இன்னொரு வரி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. செருகிய வயரை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தாள். இது ஓடாவிட்டால், கமரா என்று சொல்லி வேறு ஏதோ ஒன்றை வரவழைத்திருக்கிறாள் என்றாகும். ஓடினாலும் அது கமராதான்.

ஒரு இலக்கத்தை மாற்றி மறுபடி ஏற்றினாள். திரையில் ஒரு சதுரம் திறந்தது. அதற்குள் ஒரு முகம், தலைகீழாக, நீல நிறத்தில்.

அதிகாரி கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார்.

"இது நானா?" என்றார் அதிகாரி.

"ஓம் சேர்."

"நான் ஏன் நீலம்?"

"சிவப்பையும் நீலத்தையும் மாறி எடுக்குது சேர். இன்னும் முடியேல்லை. திருத்த வேணும்."

"கிருஷ்ணர் மாதிரி இருக்கிறியள் சேர்" என்றார் ஏரம்பு. அவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. தலையைச் சரித்துத் தன் தலைகீழ் முகத்தைப் பார்த்தார். கையைத் தூக்கினார். திரையில் நீலக் கை ஒன்று கீழே இறங்கியது. கொன்ஸ்ரபிள் மட்டும் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டான்.

"பழுதான சாமான் ஏன் அனுப்புறாங்க?"

"சாமான் பழுதில்லை சேர். இது பாக்கிறதைக் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுக்கிறதுதான் சரியில்லை. அதை நான் எழுதிறன்."

"கொம்பனிக்கா எழுதுறீங்க?"

"ஓம் சேர்."

"எவ்வளவு தாறாங்க?"

அந்தக் கேள்வி வரும் என்று விமலேஸ்வரிக்கு இரவு முழுக்கத் தெரிந்திருந்தது. ஒன்றும் தருவதில்லை என்பது உண்மை. அந்த உண்மையைக் கிணற்றடியில் நின்ற நாலு பேரில் மூன்று பேர் நம்பவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"மாதாமாதம் சம்பளம் சேர்!" என்றார் ஏரம்பு.

அவர் நெஞ்சை நிமிர்த்தி, அதுவரை அவரிடம் இல்லாத ஒரு குரலில் சொன்னார். "வெளிநாட்டுக் கொம்பனி சேர். நல்ல சம்பளம். அதுதான் என்ரை வீட்டு விலாசத்துக்கு வந்தது. அண்டைக்கு எனக்கு ஞாபகம் வரேல்லை. வயசு போட்டுது."

அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு விமலேஸ்வரியைப் பார்த்தார்.

"அப்படியா, மிஸ்?"

திரையில் அவருடைய நீல முகமும் தலைகீழாக அவளையே பார்த்தது.

"ஓம் சேர்" என்றாள் விமலேஸ்வரி.

அதிகாரியின் தோள் இறங்கியது. அதை அவள் கண்டாள். அவ்வளவு நேரமும் அந்த மனிதருக்கு விளங்காமல் இருந்த ஏதோ ஒன்று விளங்கிவிட்டது. சம்பளம், வேலை, கொம்பனி. அவருக்கும் ஒரு மகன் கண்டியில் கொம்பியூட்டர் படிப்பதாகவும், வெளிநாட்டுக் கொம்பனியில் வேலை எடுத்துத் தரும்படி அவன் நச்சரிப்பதாகவும் சொன்னார். பழனியாண்டி ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். எழும்பும்போது அதிகாரி கமராவைக் காட்டி, "வெளியில படம் எடுக்கக் கூடாது" என்றார். "றோட்டு, கேம்ப், ஒண்டும் கூடாது. உள்ளுக்குள்ள மட்டும்."

ஜீப் போன பிறகு ஏரம்பு வாங்கில் குந்தி, சோடாவை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஏன் ஐயா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பின்னை என்ன சொல்லுறது? ஓட வைக்கிறதுக்குச் செய்யிறா எண்டோ? என்னையுமெல்லோ பைத்தியமெண்டு நினைச்சிருப்பான்."

அடுத்த கிழமை ஏரம்பு பிணை நின்றார், பாஸ் கிடைத்தது.

கமரா வகுப்பில் இருந்தது. சிவப்பையும் நீலத்தையும் மாற்றுவது சின்ன வேலை. தலைகீழை நிமிர்த்துவது அதைவிடச் சின்ன வேலை. மிஞ்சியது வெயில். மார்ட்டின் இரண்டு முறை கேட்டுவிட்டான். ஏன் அனுப்பவில்லை, அங்கே வெயில் இல்லையா என்று. அவன் கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தேகம் கூடியது. நாலு பேருக்கும் பொதுவாக வரும் மின்னஞ்சல்களில், பின்லாந்துக்காரனுக்கும் பிரேசில்காரனுக்கும் அவன் எழுதியதையெல்லாம் எடுத்து வாசித்தாள். ஒரே எழுத்து, ஒரே அவசரம், ஒரே மாதிரி எழுத்துப் பிழைகள். பிரேசிலிலும் வெயில்தானே, அவனிடம் ஏன் கேட்கவில்லை என்று எழுதிக் கேட்டாள். அவனுடைய கமரா சுங்கத்தில் நிற்கிறது, வரி கட்டச் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. அதைப் படித்தபோதுதான் முதல்முறையாக அவனைக் கொஞ்சம் நம்பினாள். சாமானை மறித்து வைக்கிற கதையை ஒருவன் சும்மா கட்டமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

வகுப்பின் முன் ஜன்னல் றோட்டைப் பார்த்தது. றோட்டில் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றிப் பொயின்ற். பின் ஜன்னல் பக்கத்து வீட்டு வளவைப் பார்த்தது. அங்கே ஒரு கொடி. கொடியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்.

"டீச்சர், அந்தப் பக்கம் திருப்பாதீங்க" என்றார் பழனியாண்டி.

"உள்ளுக்கைதானே இருக்கு. கமராவும் உள்ளுக்கை, நானும் உள்ளுக்கை."

"சட்டை வெளியிலங்க."

அவள் ஒரு உச்சி வெயிலில் பின் ஜன்னலைத் திறந்து, கமராவை வைத்து, சட்டைகளைப் பிடித்தாள். படத்தில் சட்டைகள் இல்லை. கொடி இருந்தது, கொடியிலிருந்து வெறும் வெளிச்சம் நாலு துண்டாகத் தொங்கியது. வெள்ளைக்கு ஓரமே இல்லை. அதை அனுப்பினாள். இப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை, உங்களுக்குக் கண் வலிக்காதா என்று மார்ட்டின் எழுதினான். பிறகு இருவரும் மாறி மாறி, கமரா வெளிச்சத்தை அளக்கிற இடத்தைத் திருத்தினார்கள். சித்திரை வருவதற்குள் சட்டைகளுக்குக் கைகளும் காலரும் வந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் மதிலால் எட்டிப் பார்த்து, ஏன் ரீச்சர் ஒவ்வொரு நாளும் எங்கடை உடுப்பைப் பாக்கிறீங்கள் என்று கேட்டாள். பிறகு உடுப்பை மற்றப் பக்கத்துக் கொடியில் போடத் தொடங்கினாள்.

ட்ரைவர் முடிந்து வெளியே போனது. எழுதியவர்களின் பெயர்களை அதன் தலையில் போடுவது வழக்கம், ஊரும் போடுவார்கள். ஊர் போட வேண்டாம் என்று விமலேஸ்வரி எழுதினாள். பெயரையும் முதலெழுத்தோடு நிறுத்தச் சொன்னாள். ஏன் என்று மார்ட்டின் கேட்டான். அவள் வெயிலைப் பற்றி எழுதிப் பதிலை முடித்தாள். எங்கேயோ யாரோ அந்தக் கமராவை வாங்கிச் செருகினால் இனி அது ஓடும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் சம்பளம் நின்றுவிடவில்லை. ஏரம்பு சொன்ன அந்தச் சம்பளம் ஊருக்குள் நடமாடத் தொடங்கியிருந்தது. பழனியாண்டி சம்பள உயர்வைப் பற்றி எடுத்த கதையை நிறுத்திக்கொண்டார். "உங்களுக்கென்னங்க டீச்சர்" என்று சிரித்தார். கிளினிக்கில் ஒரு நேர்ஸ் தன் தம்பிக்கும் அந்தக் கொம்பனியில் வேலை இருக்குமா என்று கேட்டாள். அமராவதி, எல்லாம் அறிந்திருந்தும், "எண்டாலும் ஏதோ தருவாங்கள்தானே பிள்ளை" என்றாள். சித்திரை வருசம் பிறந்த கையோடு ஏரம்பு பின்பக்கம் வந்து, இருமிக்கொண்டு, வாடகையைக் கூட்டினார்.

"ஐயா, சம்பளமெண்டது நீங்கள்தானே சொன்னது."

"ஓம். நான்தான் சொன்னனான்" என்றார் ஏரம்பு. "ஆனா நீரும் ஓமெண்டனீரெல்லோ."

அவள் பிரதாபனிடம் சொன்னாள். பிரதாபன் வாடகைக்காகக் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விமலா, ஒண்டு கேக்கிறன். கோவிக்காதையும்."

"கேளுங்கோ."

"உண்மையா ஒண்டும் தாறேல்லையோ?"

அவள் குசினிக்குள் போய்ச் சட்டியைக் கழுவினாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. ஆனால் அவள் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவனுடைய பேச்சு ஒரு கணம் நின்று, பூட்டியதும் தொடர்வதை அவள் கவனித்தாள்.

பாஸ் மறுபடி முடிந்தது. ஏரம்பு முன்னாலேயே போய்ப் பிணைக் கையெழுத்து வைத்துவிட்டார். இந்த முறை பிரதாபனும் கூட வந்தான். வரிசை நீளம், வெயில். யதுர்ஷிகா தாயின் குடைக்குள் நின்று, மூச்சு இழுக்காமல், கடலை தின்றாள். அவர்களின் முறை வந்தபோது மேசையில் இருந்தது புது அதிகாரி ஒருவர். பாஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலை நிமிராமல், "என்ன வேலை?" என்று பிரதாபனைத்தான் கேட்டார்.

"எனக்கு ஒண்டும்..." என்று தொடங்கிய பிரதாபன் நிறுத்தினான். தோளை நிமிர்த்தினான். "என்ரை மனிசி வெளிநாட்டுக் கொம்பனியிலை வேலை சேர். கொம்பியூட்டர் ட்ரைவர் எழுதிறவா. மாதச் சம்பளம்."

அதிகாரி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

வெளியே வந்து, றோட்டைக் கடந்து, பழக்கடை வரைக்கும் மூன்று பேரும் நடந்தார்கள். பிரதாபன் அங்கே விட்டிருந்த சைக்கிளை எடுத்து, மகளைப் பாரில் தூக்கி இருத்தினான். பிறகு, முன்னால் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டான்.

"எவ்வளவெண்டாவது சொல்லுமன்."

விமலேஸ்வரி குடையை மடக்கினாள்.

"உங்கடையைவிடக் கொஞ்சம் கூட" என்றாள்.

பிரதாபன் சைக்கிளை உருட்டினான். ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில், அவளுக்குக் கேட்காது என்று நினைத்து, மகளின் காதுக்குள், "கொம்மா காசை எங்கையடி வைக்கிறவா?" என்று கேட்டான்.